நத்தைகள் பிரிந்த வேகம்

மழை ஓய்ந்த காலையில் ஓசூர்ப் பக்கத்துக் குன்றுகளில் ஏறுகிற இரண்டு பெண்களைப் பார்த்தால் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "மூலத்துக்கா?" எங்கள் கையில் இடுக்கியும் சின்னச் சின்னக் குப்பிகளும் இருக்கும். நத்தை பொறுக்குகிறோம் என்று சொன்னதும், வீட்டில் யாருக்கோ மூல வியாதி, நத்தைக் கறி வைக்கப்போகிறார்கள் என்று முடிவுகட்டிவிடுவார்கள். நான் ஆராய்ச்சி, டிஎன்ஏ என்று ஆரம்பிப்பேன். அவள் என்னை முந்திக்கொண்டு, "ஆமாங்க, எங்க சாருக்கு" என்பாள். கேட்டவர் இரக்கப்பட்டு, எந்தப் பாறை இடுக்கில் நிறையக் கிடைக்கும் என்று காட்டிவிட்டுப் போவார். எங்கள் ஆய்வு வழிகாட்டிக்கு இப்படி மாவட்டம் முழுக்க மூலம் வந்துவிட்டது.

அவள் என்று சொன்னது என் தோழியை. பாகலூர்க்காரி. வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், சந்தையில் கன்னடம். அவர்கள் குடும்பம் ரோஜா பயிரிடுகிறது. என் அத்தா குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலை ஓரம் டயர் கடை வைத்திருக்கிறார். எம்.எஸ்சி. விலங்கியல் படித்த இரண்டு வருடமும் எங்களுக்கு ஒரே பெஞ்ச். பிறகு பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு பிஎச்.டி. இடம் கிடைத்தது. சில மாதங்களில் அங்கேயே களப்பணிக்கு ஓர் உதவியாளர் தேவை என்றார்கள். நான்தான் அவளுக்குப் போன் செய்தேன்.

"நத்தையா? எங்க ரோஜாவைத் தின்னுட்டுப் போவுதே, அதுவா?" என்றாள். "வரேன்டி. அதுங்க மேல எனக்கு ஏற்கெனவே கோவம்."

எங்கள் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்று உயிரோடு இருக்கும் நத்தை இனங்களின் டிஎன்ஏவை ஒப்பிட்டால், எது எதற்கு நெருக்கம், எந்த இரண்டும் ஏறக்குறைய எப்போது பிரிந்தன என்று ஒரு மரம் வரையலாம். எந்தக் காலத்தில் கிளைகள் நெருக்கமாகப் பிரிகின்றன, எந்தக் காலத்தில் அரிதாகப் பிரிகின்றன என்று அந்த மரத்தைப் பார்த்து, புது இனங்கள் எவ்வளவு வேகமாக உண்டாயின, எவ்வளவு வேகமாக அழிந்தன என்று கணக்கிட முயலலாம். முயலலாம் என்ற சொல்லை இன்று போடுகிறேன். அன்று போட்டிருக்க மாட்டேன்.

கணக்கு என் பொறுப்பு. நத்தை அவள் பொறுப்பு என்றே சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கண்ணுக்கு நத்தை படாது. கட்டைவிரல் அளவு இருந்தால் பார்ப்பேன். நாங்கள் தேடியதில் பாதி, அரிசிமணி அளவுகூட இல்லாதவை. அவள் வீட்டிலிருந்து மாவு சலிக்கும் சல்லடையைத் தூக்கிக்கொண்டு வருவாள். பாறைக்கடியில் கிடக்கும் மக்கிய இலையை அள்ளிச் சலித்து, வெள்ளைத் துணியில் கொட்டி, குனிந்து பார்த்து, "இதோ, இதோ, இது வேற" என்று இடுக்கியால் எடுத்துக்கொண்டே போவாள். நான் குப்பியில் ஸ்பிரிட் ஊற்றி, எண் எழுதி, மூடி போட்டுக்கொண்டே இருப்பேன். அவள் அம்மா வாரம் ஒரு சல்லடை வாங்கவேண்டி வந்தது என்று பின்னால் தெரிந்தது.

சூளகிரிப் பக்கம் ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. ஒரு தொங்குபாறைக்கு அடியில் ஒதுங்கினோம். முழங்காலை மடக்கிக்கொண்டால்தான் இரண்டு பேர் உட்காரலாம். அவள் ராகி ரொட்டியும் பச்சைமிளகாய்த் துவையலும் கொண்டுவந்திருந்தாள். ஆளுக்கொரு ரொட்டி தின்று முடித்ததும், என் துப்பட்டாவையே உற்றுப் பார்த்தாள்.

"அசையாதே."

"என்னாடி? பூரானா?"

"அசையாதேங்கறேன்ல." இடுக்கியை நீட்டி என் தோளிலிருந்து எதையோ எடுத்தாள். எள்ளைவிடக் கொஞ்சம் பெரியது. கூர்மையாக முறுக்கிய ஓடு. உள்ளே உயிர் இருந்தது. "காலையில இருந்து நாலு குன்னு ஏறினோம். இது உன் மேல சவாரி வந்துக்கினு இருக்குது" என்று சொல்லி, மழைச் சத்தத்துக்கு மேலே சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிகிற வரைக்கும் நத்தையைக் குப்பியில் போடத் தோன்றவில்லை.

எங்களுக்குள் ஒரே ஒரு சச்சரவு திரும்பத் திரும்ப வரும். அவள் வெற்று ஓடுகளையும் பொறுக்குவாள். உள்ளே உடல் இல்லாத ஓட்டிலிருந்து எங்களுக்கு வேண்டிய டிஎன்ஏவை எடுக்க முடியாது. மரத்தில் அதற்கு இடமில்லை. எனக்கு நேரமாகிறதே என்று இருக்கும்.

"செத்தது எதுக்குடி? பை வெயிட்டு ஏறுது."

"இங்க இருந்துச்சுன்னு எழுத வேணாமா?"

"எழுதி?"

"எழுதி ஒண்ணும் இல்ல. எழுதணும்."

ஒன்றுமே கிடைக்காத குன்றுக்கும் அவள் ஒரு பக்கம் ஒதுக்குவாள். எத்தனை கல் புரட்டினோம், எந்தச் சரிவு, எத்தனை மணி நேரம் தேடினோம், மழை எப்போது நின்றது, எல்லாம் எழுதுவாள். எனக்கு அது வீண் வேலையாகப் பட்டது. ஒருமுறை ஊர் திரும்ப ஒரு குவாரி லாரிக்காக வழியில் காத்திருந்தபோது அவள் எழுதிக்கொண்டே இருக்க, நான் பொறுமையிழந்து நோட்டைப் பிடுங்கிவிட்டேன். அவள் கையை நீட்டியபடி, நான் திருப்பித் தரும்வரை நின்றாள்.

இரண்டு மழைக்காலம் இப்படிப் போயிற்று. எங்கள் மரம் உருவானது. அதை விவரிக்கும் முதல் கட்டுரையை எழுதினேன். கட்டுரையின் ஆசிரியர்களாக யார் யார் பெயர் போடுவது என்று முடிவு செய்ய வழிகாட்டி எங்கள் இருவரையும் அறைக்கு அழைத்தார். அவர் கெட்டவர் அல்ல. அவருக்குப் பழக்கம் அப்படி. "களத்தில் உதவினவங்களுக்கு நன்றிப் பகுதியில நல்லா ரெண்டு வரி எழுதிடலாம்" என்றார். அவள் என் பக்கம் திரும்பினாள். நான் மடிக்கணினியில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திக்கொண்டிருந்தேன். உண்மையிலேயே ஒரு பிழை இருந்தது. அதைத் திருத்துவதற்கு ஒரு நொடிகூட ஆகாது. நான் ரொம்ப நேரம் திருத்தினேன்.

அந்த மாதக் கடைசியில் அவள் வேலையை விட்டுவிட்டாள். ஓசூரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரப்பரிசோதனைப் பிரிவில் சேர்ந்துவிட்டதாக எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி சொன்னாள். முதலில் என் அழைப்புகளை எடுக்கவில்லை. அப்புறம் அந்த எண்ணே இல்லாமல் போனது.

தனியாகத்தான் அந்த வேகக் கணக்கைப் போட்டேன். கணினி இரண்டு நாள் ஓடிக் கொடுத்த விடை அழகாக இருந்தது. ஆதியில் இனங்கள் வேகமாகப் பிரிந்திருக்கின்றன. இன்றைக்கு நெருங்க நெருங்க வேகம் தணிந்து, கோடு படுத்துவிடுகிறது. இருக்கிற இடமெல்லாம் நிரம்பிவிட்டதால் புதிய இனத்துக்கு வாய்ப்பில்லை என்று அதற்கு அர்த்தம் சொல்லலாம். அழிவு வீதம் கிட்டத்தட்டப் பூஜ்யம் என்று வந்தது. திரையில் அந்தக் கோட்டைப் பார்த்ததும் எழுந்து நின்றேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று திரும்பினால், பக்கத்து மேசையில் அவள் விட்டுப்போன ஸ்வெட்டர்தான் நாற்காலி முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது. வழிகாட்டிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். "வெரி நைஸ்" என்று பதில் வந்தது.

பெரிய இதழ் ஒன்றுக்கு அனுப்பினோம். கட்டுரையை ஏற்கலாமா என்று மற்ற ஆய்வாளர்கள் எழுதும் மதிப்புரைகள் வர மாதக்கணக்கில் ஆயிற்று. மதிப்புரையாளர்களில் ஒருவர் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார். ஒன்று: நீங்கள் தவறவிட்ட இனங்கள் எத்தனை? அண்மையில் பிரிந்த இனங்கள் சிலவற்றைப் பிடிக்காமல் விட்டாலே, மரத்தின் நுனியில் கிளைகள் குறைந்து, வேகம் தணிந்தமாதிரி கோடு படுத்துவிடுமே. இரண்டு: பல லட்சம் ஆண்டுகளில் எதுவுமே அழியவில்லை என்று நீங்களே நம்புகிறீர்களா?

முதல் கேள்விக்குப் பதில் சொல்ல, நாங்கள் எங்கே தேடினோம், எங்கே தேடியும் கிடைக்கவில்லை, எதை ஓடாக மட்டும் பார்த்தோம் என்று தெரியவேண்டும். என் கணினியில் இருந்ததெல்லாம் குப்பியில் அடைபட்ட உயிர்களின் பட்டியல்தான். மற்றதெல்லாம் அலமாரியின் கீழ்த்தட்டில், பிளாஸ்டிக் உறை போட்டு அவள் எழுதிவைத்த ஆறு நோட்டுகளில் இருந்தது.

அவற்றை ஊருக்கு எடுத்துவந்து, அத்தா கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் உட்கார்ந்து நான்கு நாள் படித்தேன். வெளியே டயர் கழற்றும் சத்தம். தமிழ் எழுத்தில், நடுநடுவே தெலுங்குச் சொற்கள். 'தெற்குச் சரிவு. தூறல். கல் நாற்பது புரட்டினோம். உயிர் இல்லை. ஓடு மூன்று, வாய் ஓரம் சிவப்பு, இதுவரை பார்க்காதது. இவளுக்குப் பசி. மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாள்.' இன்னொரு பக்கத்தில்: 'ஒன்றும் இல்லை. மூன்று மணி நேரம்.' அதற்கடுத்த வரி: 'இவள் பாறைமேல் படுத்துப் பாடினாள். நன்றாக இல்லை.'

நான் எந்தக் குன்றில் பாடினேன் என்று எனக்கு ஞாபகமே இல்லை. அவள் எழுதியிருக்கிறாள், உயரம், திசை, மணி எல்லாம் சேர்த்து. தரவுகளை அட்டவணையில் ஏற்றிக்கொண்டே வந்த நான், அந்த வரியைத் தாண்டிப் போக முடியாமல் நோட்டை மூடிவைத்தேன். அத்தா எட்டிப் பார்த்து, "கண்ணு எரியுதாம்மா?" என்று கேட்டார். டயர் கடைப் புகையைச் சாக்கு வைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்துக் கருங்கல் மண்ணில் சுண்ணாம்பு குறைவு. வெற்று ஓடு அதிகக் காலம் தாங்காது. சில வருடங்களில் கரைந்துவிடும். ஆகவே அவள் பொறுக்கிய ஓடுகள் பழங்காலத்து அழிவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. எங்கள் கைக்குச் சிக்காத ஏதோ ஒன்று அண்மையில்தான் அங்கே வாழ்ந்திருக்கிறது, ஒருவேளை இப்போதும் வாழ்கிறது என்றுதான் சொல்லின. அப்படிப்பட்ட வடிவங்கள் நான் நினைத்ததைவிட நிறைய இருந்தன. விடுபட்டவற்றுக்கு இடம் கொடுத்து மறுபடி கணக்கிட்டபோது, படுத்திருந்த கோடு நிமிர்ந்துவிட்டது. வேகம் தணிந்ததற்கு உறுதியான சான்று இல்லை.

இரண்டாவது கேள்விக்கு எந்த நோட்டிலும் பதில் இல்லை. நாள்கணக்கில் படித்து, கணக்கிட்டுப் பார்த்தபின் ஒன்று புரிந்தது. நிறைய இனங்கள் பிறந்து நிறைய அழிந்திருந்தாலும், கொஞ்சம் பிறந்து கொஞ்சம் அழிந்திருந்தாலும், உயிரோடு மிஞ்சியவற்றை மட்டும் வைத்து வரைந்தால் அதே மரம் வரலாம். அந்தக் கதைகளில் எது நடந்தது என்று மரத்துக்குத் தெரியாது. என் பூஜ்யம் விடையே அல்ல. 'இதை எங்கள் தரவிலிருந்து அறிய முடியாது' என்று எழுதினேன். பெரிய இதழ் வேண்டாம் என்றது. ஒரு சின்ன இதழ் ஏற்றுக்கொள்ள முன்வந்தது.

அதற்கு அனுப்பும் முன் வழிகாட்டியின் அறைக்குப் போய், "அவ பேரு ரெண்டாவதா வரணும் சார்" என்றேன். ஒரு வாரமாக மனப்பாடம் செய்த வாதங்கள் வரிசையாகத் தயாராக இருந்தன. அவர் திரையிலிருந்து கண்ணெடுக்காமல், "தாராளமா போடும்மா" என்றார்.

அவ்வளவுதான். ஒரே ஒரு வாக்கியத்தில் முடிகிற காரியம் அது.

ஆசிரியராகப் பெயர் போட அவள் சம்மதம் வேண்டும். அந்தச் சாக்கு கிடைத்ததில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். பாகலூருக்குப் பஸ் ஏறினேன். அவள் அம்மா அடையாளம் கண்டுகொண்டு, "மொதல் ஷிப்ட்டும்மா, இப்ப வந்துருவா" என்று ரோஜாத் தோட்டத்துக் கொட்டகையில் உட்கார வைத்தார். பூ அடுக்கும் அட்டைப்பெட்டிகளும் தண்ணீர் வாளிகளுமாக இருந்தது. மூன்றரை மணிக்குக் கம்பெனி பஸ் வந்து நின்றது. அவள் நீலக் கோட்டோடு, கழுத்தில் அடையாள அட்டை ஆட, நடந்து வந்தாள். என்னைப் பார்த்ததும் நடை தளரவில்லை. வேகமாகவும் ஆகவில்லை.

"எப்ப வந்தே?"

"இப்பதான்."

"டீ குடிச்சியா?"

கட்டுரையின் அச்சுப்படியை நீட்டினேன். விஷயத்தைச் சொன்னேன். அவள் கைகழுவித் துடைத்துவிட்டு வந்து, பெட்டிமேல் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். வரைபடம் வந்ததும் விரலை வைத்தாள்.

"இது தப்பு. இந்தக் குன்னு குருபரப்பள்ளிக்கு கெழக்கால போட்டிருக்கே. மேக்கால வரும். உங்க ஊருதானே, உனக்கே தெரியலையா?"

பேனாவை வாங்கித் திருத்தினாள். இன்னும் இரண்டு இடம் திருத்தினாள். ஓர் ஓட்டின் அளவு பொருந்தவில்லை என்றாள். நான் கொண்டுபோயிருந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. தலையோடு தலை முட்டுகிற அளவுக்குக் குனிந்து, அந்தப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனோம். அவள் அம்மா வைத்த டீ ஆறிப்போயிற்று. அழிவு வீதம் பூஜ்யம் என்று முதலில் வந்ததைச் சொன்னபோது நிமிர்ந்து பார்த்தாள்.

"பூஜ்யமா? அதை நம்பினியா?"

"அழகா இருந்துச்சிடி."

"எங்க லைன் கடைசியில வந்து நில்லு. வர்ற பீஸ் எல்லாம் பாஸ் ஆனதாத்தான் இருக்கும். ரிஜெக்ட் ஆனது முன்னாடியே தொட்டிக்குப் போயிருக்கும். கடைசியில நின்னுக்கினு ரிஜெக்டே இல்லைன்னு எழுதினா என் வேலை போயிரும்."

சிரித்தோம். அந்த ஒரு மணி நேரம், நடுவில் ஒன்றுமே நடக்காததுபோல இருந்தது. அதனால்தான் துணிந்து சொன்னேன். "அன்னிக்குப் பேரு போடாதது தப்புடி. மன்னிச்சிரு."

அவள் காகிதங்களை ஓரம் தட்டி அடுக்கினாள்.

"பேரு போடலைன்னு கோவம் இல்ல. சார் அப்படித்தான், எனக்குத் தெரியும். நீ பக்கத்துல உக்காந்துக்கினு இருந்தியே. நான் உன்னையே பாக்கறேன். ஒரு வார்த்த பேசலையே."

பதில் சொல்ல வாயெடுத்தேன். "சால்லே" என்று கையை உயர்த்தினாள். தெலுங்கில் 'போதும், விடு' என்பதற்கு அவள் சொல்லும் வார்த்தை. காட்டில் நான் சும்மா அலட்டும்போதெல்லாம் சொல்வாள். அப்போது அதில் செல்லம் இருக்கும்.

"பேரைப் போடு. மெயில் வந்தா ஓகே குடுக்கறேன்."

"திரும்பி வரியா? புது புராஜெக்ட் எழுதலாம். ரெண்டு பேரும்."

"டீம் லீடர் ஆயிட்டேன்டி. இருபது பேரு எனக்குக் கீழ. நல்லாத்தான் இருக்கேன்." உண்மையாகத்தான் சொன்னாள். அவள் முகத்தில் குறையொன்றும் தெரியவில்லை. அவள் வாடிப்போயிருப்பாள், நான் போய் மீட்டுவரப்போகிறேன் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

பஸ் நிறுத்தம்வரை கூட வந்தாள். புது எண்ணைக் கொடுத்தாள். ஓசூர் பஸ் வந்ததும் ஏறச் சொல்லி முதுகில் லேசாகத் தள்ளினாள். பாறையேறும்போதும் அப்படித்தான் தள்ளுவாள்.

கட்டுரை வெளிவந்தது. இணைப்பை அனுப்பினேன். 'இனிஷியல் தப்பு' என்று பதில் வந்தது. இதழுக்கு எழுதித் திருத்த வைத்தேன். 'இப்ப ஓகே' என்றாள்.

இப்போது நான் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். மாணவிகளுக்கு மரம் வரையச் சொல்லித் தருகிறேன். கிளை பிரியும் வேகத்தைக் கணக்கிடச் சொல்லித் தரும் நாளில், எது அந்த மரத்தில் இல்லை என்பதற்கு ஒரு வகுப்பு முழுவதும் எடுத்துக்கொள்கிறேன். மழை விழுந்தால் குன்றுக்குப் போகிறேன். கூட வருகிற பிள்ளைகள் கெட்டிக்காரிகள், கண் நன்றாகத் தெரிகிறது, என்னைவிட நிறையக் கண்டுபிடிக்கிறார்கள். தொங்குபாறைக்கு அடியில் மழைக்கு ஒதுங்கினால் அவர்கள் மரியாதையாக, "நீங்க உக்காருங்க மேடம், நாங்க நிக்கறோம்" என்று எனக்கு இடம் விட்டு நனைகிறார்கள். இரண்டு பேர் முழங்காலை மடக்கி நெருக்கிக்கொண்டு உட்கார்வது எனக்கு இனி வாய்க்காது என்று அப்போது தோன்றும்.

ஒவ்வொரு வருடமும் மழைக்காலத்தில் அவளுக்கு எழுதுகிறேன். சென்ற கார்த்திகையில் ஊத்தங்கரைக்குப் போகிற வழியில், நாங்கள் ஒருமுறைகூட ஏறாத ஒரு குன்றைப் பார்த்துவைத்திருந்தேன். விடிய விடிய மழை பெய்து, காலையில் வானம் வெளுத்தது.

'குன்னு ஏறப் போறேன். வரியா?'

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. 'இந்த வாரம் லீவு இல்லடி. அடுத்த மாசம் பாக்கலாம்.'

அடுத்த மாதம் அந்தப் பக்கம் மழை நின்றிருக்கும். நத்தைகள் ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு மண்ணுக்குள் போயிருக்கும். என்னைவிட அவளுக்கு அது நன்றாகத் தெரியும். 'சரி' என்று அனுப்பிவிட்டு ஊத்தங்கரை பஸ்ஸில் ஏறினேன்.